38 லைசென்ஸ், நான்கு லட்சம் கணினிகள்

லைசென்ஸ் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும், நான் முதலில் சொல்வது அமெரிக்கக் கடற்படை மாட்டிக்கொண்ட வழக்கைத்தான்.

பிட்மேனேஜ்மென்ட் என்று ஜெர்மனியில் ஒரு சிறிய நிறுவனம். முப்பரிமாணக் காட்சிகளைத் திரையில் சுற்றிப் பார்க்க உதவும் 'பிஎஸ் கான்டாக்ட் ஜியோ' என்ற மென்பொருள் அவர்களுடையது. 2012-ல் கடற்படை அதற்கு 38 லைசென்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து தன் நெட்வொர்க்கில் இருந்த கணினிகளுக்கெல்லாம் அதை அனுப்பி நிறுவத் தொடங்கியது. 2016-ல் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்த ஆண்டுக்குள் மென்பொருள் இறங்கியிருந்த கணினிகளின் எண்ணிக்கை நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

கேட்டவுடன் பகல் கொள்ளை என்று தோன்றும். வழக்கின் உள்ளே போனால் விஷயம் வேறு. எத்தனை கணினியில் இறங்கினாலும் சரி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று எண்ணி அதற்குத் தக்கபடி லைசென்ஸ் வைத்துக்கொள்வது என்பதுதான் இரு தரப்புக்கும் இருந்த புரிதல். எண்ணும் வேலையை ஃப்ளெக்செரா என்ற இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் செய்யும் என்று பேசிக்கொண்டார்கள். அதை நம்பித்தான் பிட்மேனேஜ்மென்ட், கணினிக்குக் கணினி தனிச் சாவி கேட்கும் தன் பூட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தது. கடற்படை மென்பொருளை நிறுவியது. எண்ணும் கருவியை மட்டும் சரியாகப் பொருத்தவில்லை.

2019-ல் கீழ் நீதிமன்றம் கடற்படை பக்கம் தீர்ப்பளித்தது. 2021-ல் மேல்முறையீட்டில் அது மாறியது. எண்ணுவோம் என்ற நிபந்தனையின் பேரில்தான் அனுமதி கிடைத்தது, எண்ணாமல் விட்டபோது அனுமதியும் போய்விட்டது என்றது அந்தத் தீர்ப்பு. நிறுவனம் தொடக்கத்தில் கேட்ட தொகை 59 கோடி டாலருக்கு மேல். 2022 கடைசியில் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது 1,54,400 டாலர். நிறுவப்பட்ட ஒவ்வொரு பிரதிக்கும் விலை போடாமல், உண்மையில் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று பார்த்ததால் தொகை அவ்வளவு இறங்கிவிட்டது.

கடற்படை தோற்றதும் எண்ணாததால், தொகை குறைந்ததும் எதை எண்ணுவது என்ற கேள்வியால். என் வேலை முழுக்க இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

நான் கோயம்புத்தூரில் ஓர் இயந்திர வடிவமைப்பு நிறுவனத்தின் ஐடி பிரிவில் இருக்கிறேன். பம்பு, வால்வு, அச்சு வார்ப்பு என்று படம் போடுகிறவர்கள் எங்கள் ஆட்கள். ஒரு கேட் (கணினி வழி வடிவமைப்பு) மென்பொருள் சீட்டின் விலை, அதில் உட்கார்ந்து வேலை செய்பவரின் சம்பளத்தோடு போட்டி போடும் துறை இது. ஆனாலும் மேசை நாற்காலிக்கு இருக்கும் பதிவேடு மென்பொருளுக்கு இருப்பதில்லை. நாற்காலியின் அடியில் வெள்ளை பெயின்டில் எண் எழுதியிருக்கும். பல லட்ச ரூபாய் லைசென்ஸின் சாவியோ, வேலையை விட்டுப் போன ஒருவரின் மின்னஞ்சலில் கிடக்கும். பெரிய இடங்களிலும் இதே நிலைதான். 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அங்குள்ள 24 முக்கிய அரசுத் துறைகளைப் பார்த்தது. மென்பொருள் லைசென்ஸுகளுக்கு முழுமையான பட்டியல் வைத்திருந்தவை 2 மட்டுமே. 2016-ல் இதற்கென்றே அங்கே 'மெகாபைட் சட்டம்' என்று ஒன்று வந்தது. துறைகள் பட்டியல் வைக்க வேண்டும், பயன்பாட்டை ஆராய வேண்டும் என்று சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

லைசென்ஸ் பிரச்சினை என்றாலே கிராக் போட்ட சிடிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது தெரிந்தே செய்யும் தவறு, அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. நான் பேச வந்தது காசு கொடுத்து வாங்கி, நேர்மையாக நடந்துகொள்வதாக நம்பிக்கொண்டிருக்கும் நிறுவனங்களைப் பற்றி. அவர்கள்தான் அதிகமாக அடிபடுகிறார்கள். அடிபடும் இடம் ஒவ்வொரு முறையும் அளவுகோல்.

முன்பெல்லாம் அளவுகோல் எளிது. ஒரு பெட்டி, ஒரு கணினி. இன்று ஒரே அலுவலகத்தில் ஒரு மென்பொருள் கணினியை எண்ணும், இன்னொன்று ஆளை எண்ணும், மூன்றாவது ஒரே நேரத்தில் திறந்திருப்பவர்களை எண்ணும், நான்காவது சர்வரில் இருக்கும் பிராசசர் கோர்களை எண்ணும், ஐந்தாவது சம்பளப் பட்டியலில் இருக்கும் எல்லோரையும் எண்ணும். 'நம்மிடம் எத்தனை லைசென்ஸ் இருக்கிறது?' என்று நிர்வாக இயக்குநர் கேட்டால், எதை அளந்து சொல்வது என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் நேர்மையான பதில் சொல்ல முடியாது.

எங்களுக்கு நெருக்கமான ஃப்ளோட்டிங் லைசென்ஸிலிருந்து தொடங்குகிறேன். நூலகத்தில் ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பிரதி இருப்பது போன்றது இது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பதினொன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். பொறியியல் மென்பொருள் உலகில் ஃப்ளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் மேலாளர் 1980-களின் கடைசியிலிருந்து இதைச் செய்துவருகிறது. இன்று அதன் பெயர் ஃப்ளெக்ஸ்நெட். லைசென்ஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தாலே சர்வரின் நெட்வொர்க் கார்டு எண், எத்தனை சீட், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் தெரியும். 'எல்எம்ஸ்டாட்' கட்டளை போட்டால் இந்த நொடியில் யார் யார் கையில் எத்தனை சீட் இருக்கிறது என்று காட்டும். இவை எல்லா அட்மின்களுக்கும் தெரியும். ஆனால் பொக்கிஷம் லாக் ஃபைலில் இருக்கிறது. யார் எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார், யாருக்கு 'டினைட்' என்று மறுக்கப்பட்டது, எல்லாம் வரிவரியாக அதில் பதிவாகும்.

இந்த மறுப்பு வரிகளைத் தயவுசெய்து படியுங்கள். டிசைன் பிரிவின் தலைவர் வந்து "சீட் பத்தலைங்க, இன்னும் அஞ்சு வாங்கியே ஆகணும்" என்று சொல்லும்போது பதிலுக்குப் பதில் பேசாமல் லாக்கைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் மறுப்பு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் இருக்கும், அதுவும் ஒரு குறிப்பிட்ட மாட்யூலுக்கு. மற்ற நேரத்தில் பாதி சீட் சும்மா கிடக்கும். காலையில் திறந்துவைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனவரின் கையில் ஒரு சீட் மதியம் வரை முடங்கியிருக்கும். ஃப்ளெக்ஸ்நெட்டின் ஆப்ஷன்ஸ் ஃபைலில் 'டைம்அவுட்' என்று ஒரு வரி சேர்த்தால், மென்பொருள் அதற்கு இடம் கொடுக்கும் பட்சத்தில், சும்மா கிடக்கும் சீட் தானாகப் பொதுவுக்குத் திரும்பிவிடும். 'ரிசர்வ்', 'மேக்ஸ்' என்று இன்னும் இரண்டு வரிகள் உண்டு. அவசர வேலை செய்யும் குழுவுக்கு ஒன்றிரண்டு ஒதுக்கவும், ஒரே குழு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாமல் தடுக்கவும் அவை உதவும். ஐந்து சீட் வாங்கும் செலவு சில நேரம் இப்படி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் தீர்ந்துவிடும். தீராதபோதும், வாங்க வேண்டியது ஐந்தா இரண்டா என்று காட்டக் கையில் ஆதாரம் இருக்கும்.

ஆனால் ஃப்ளோட்டிங் இப்போது சுருங்கி வருகிறது. ஆட்டோடெஸ்க் 2020-ல் தன் மல்டி-யூசர் சந்தாக்களை முடிவுக்குக் கொண்டுவரத் தொடங்கி, எல்லோரையும் பெயர் குறித்த பயனர் முறைக்கு நகர்த்தியது. பழைய ஒரு மல்டி-யூசர் சீட்டுக்குப் பதிலாக இரண்டு தனிப் பெயர்ச் சீட் என்பது அப்போது அவர்கள் வைத்த பேரம். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் அலுவலகத்துக்கு அது நல்ல பேரம்தான். இரண்டு ஷிஃப்டில் மூன்று பேர், நான்கு பேர் ஒரே சீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்த கொங்கு நாட்டுச் சிறு டிசைன் கடைகளுக்கு அது கணக்கையே கவிழ்த்துவிட்டது. மென்பொருள் அதே, வேலையும் அதே, ஆளும் அதே. அளவுகோல் மட்டும் மாறியது.

இதைவிடப் பெரிய உதாரணம் டியாஜியோ வழக்கு. ஸ்காட்ச் விஸ்கி விற்கும் பிரிட்டிஷ் நிறுவனம் அது. எஸ்ஏபி மென்பொருளைப் பெயர் குறித்த பயனர் கணக்கில் வாங்கியிருந்தது. பிறகு விற்பனையாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் புதிய செயலிகளைக் கட்டிக்கொண்டது. கடைக்காரர் அந்தச் செயலியில் ஆர்டர் போடுவார், அது பின்வழியாக எஸ்ஏபிக்குள் போய் உட்காரும். கடைக்காரர் எஸ்ஏபி திரையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் அவரும் எஸ்ஏபியைப் பயன்படுத்துகிறவர்தான், அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் சொன்னது. எஸ்ஏபி கேட்டிருந்த தொகை ஐந்து கோடி பவுண்டுக்கு மேல். இந்தத் தீர்ப்பு வாடிக்கையாளர்களிடையே கிளப்பிய அச்சத்துக்குப் பின், அடுத்த ஆண்டே எஸ்ஏபி, மறைமுகப் பயன்பாட்டுக்கு ஆளை எண்ணாமல் உருவாகும் ஆவணங்களை எண்ணும் புதிய முறையைக் கொண்டுவந்தது. இரண்டு மென்பொருளை இணைக்கும் ஒவ்வொரு புராஜெக்டிலும் முதல் கூட்டத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும்: அந்தப் பக்கத்தில் இருக்கும் ஆட்களை இந்தப் பக்கத்து லைசென்ஸ் எண்ணுமா? புரோகிராமரின் மனதில் இந்தக் கேள்வி எழாது, எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. லைசென்ஸ் கணக்கு வைத்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சர்வர் பக்கம் வந்தால் கோர் கணக்கு. விண்டோஸ் சர்வர் 2016 பதிப்பிலிருந்து கோர் அடிப்படைக்கு மாறியது. ஒரு பிராசசருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் என்று வாங்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் அதற்கு முன்பே, 2012 பதிப்பில், கோருக்கு வந்துவிட்டது. நான்கு கோருக்குக் கீழே வாங்க முடியாது. இதில் சிக்கல் எங்கிருந்து வரும் என்றால் ஹார்டுவேர் வாங்குகிறவரிடமிருந்து. பழைய சர்வரில் 16 கோர் இருந்தது. அது பழுதாகி, அதே விலையில் 32 கோர் சர்வர் கிடைக்கிறது என்று நல்ல மனதோடு வாங்கிப் போடுகிறார்கள். அன்றைக்கே அந்த இயந்திரத்தின் விண்டோஸ் லைசென்ஸ் தேவை இரண்டு மடங்காகிவிடுகிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் இதைச் சொல்லும் கட்டம் எதுவும் இருக்காது.

ஆரக்கிளும் விஎம்வேரும் சேர்ந்தால் நிலைமை இன்னும் கடினம். பல இயந்திரங்களை இணைத்த ஒரு பெரிய விஎம்வேர் கிளஸ்டரில் ஒரே ஒரு மெய்நிகர் சர்வரில் ஆரக்கிள் டேட்டாபேஸ் ஓடினாலும், அது நகர்ந்து போகக்கூடிய எல்லா இயந்திரங்களின் பிராசசர்களுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்பது ஆரக்கிளின் நிலைப்பாடு. சாக்லேட் நிறுவனமான மார்ஸ் 2015-ல், ஆரக்கிள் தன் லைசென்ஸ் ஆடிட்டில் இதையொட்டிக் கேட்ட கேள்விகளை எதிர்த்து சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்கே போனது. அதற்குள் அவர்கள் ஆரக்கிளுக்குக் கொடுத்திருந்த ஆவணங்கள் இரண்டு லட்சம் பக்கத்துக்கு மேல். அந்த ஆண்டு முடிவதற்குள் வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது, அதனால் தீர்ப்பு எதுவும் வரவில்லை. இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. இந்த நிலைப்பாட்டுக்கு அடிப்படையாகக் காட்டப்படும் ஆரக்கிளின் பார்ட்டிஷனிங் ஆவணம், தான் விளக்கத்துக்காக மட்டுமே எழுதப்பட்டது என்று தானே சொல்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருப்பது என்ன, வெண்டரின் இணையதளத்தில் இருப்பது என்ன என்று பிரித்துப் படிக்கப் பழக வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இப்போது இலவசங்களுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இங்கேதான் ஆபத்து அதிகம், ஏனென்றால் இவை கணக்குப் பிரிவைத் தொடுவதே இல்லை. பில் இல்லை, பர்ச்சேஸ் ஆர்டர் இல்லை, அதனால் நிறுவனத்தின் எந்தப் பதிவிலும் தடம் இல்லை. ஒருவர் இணையத்தில் பார்க்கிறார், இறக்குகிறார், வேலை நடக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் மூல நிரல் திறந்த மென்பொருள், தாராளமாகப் பயன்படுத்தலாம். அதனுடன் சேர்த்துப் போடும் எக்ஸ்டென்ஷன் பேக் தனி லைசென்ஸ். தனிநபருக்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் இலவசம், நிறுவனத்தில் அன்றாடம் பயன்படுத்தக் காசு. டாக்கர் டெஸ்க்டாப் பல ஆண்டு இலவசமாக இருந்தது. 2021 ஆகஸ்டில் விதி மாறி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், ஆண்டு வருவாய் ஒரு கோடி டாலரைத் தாண்டுபவற்றுக்கும் சந்தா ஆனது. அனகோண்டா 2020-ல் விதிகளை மாற்றி 200 பேர் என்று கோடு போட்டது. கல்லூரியில் பைத்தான் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகள் முதல் நாள் முதல் வேலையாக நிறுவுவது அதைத்தான்.

ஜாவாவின் கதை இன்னும் கூர்மையானது. 2019 ஏப்ரலிலிருந்து ஆரக்கிள் ஜாவா 8-ன் புதுப்பிப்புகளை வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருவது நின்றது. 2023 ஜனவரியில் அளவுகோலே மாறியது. ஜாவா எத்தனை கணினியில் இருக்கிறது என்பது விலையிலிருந்து போய்விட்டது. நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு, பகுதி நேர ஊழியரும் உள்வேலைகளுக்கு உதவும் ஒப்பந்த ஊழியரும் அதில் சேர்த்தி. 999 பேர் வரை ஆள் ஒன்றுக்கு மாதம் 15 டாலர் என்பது அப்போது அறிவித்த விலை. 500 பேர் உள்ள ஒரு தொழிற்சாலையில் ஐந்து பேருக்கு மட்டும் அந்த ஜாவா தேவைப்பட்டாலும் ஆண்டுக்கு 90,000 டாலர். லேத் ஓட்டுபவரும் கேன்டீன் ஊழியரும் அந்தக் கணக்கில் இருப்பார்கள். எக்லிப்ஸ் டெமுரின், அமேசான் கொரெட்டோ போன்ற இலவச ஓபன்ஜேடிகே பதிப்புகளால் பெரும்பாலான வேலை நடந்துவிடும். ஆனால் எந்தக் கணினியில் யாருடைய ஜாவா இருக்கிறது என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்?

சரி, கணக்கை எப்படி வைப்பது?

எனக்குத் தெரிந்து மூன்று தனித்தனிக் கணக்கு வேண்டும். எதற்கு உரிமை இருக்கிறது, என்ன நிறுவப்பட்டிருக்கிறது, என்ன பயன்படுகிறது. இவற்றை ஒரே எக்செலில் ஒரே வரிசையில் எழுத முயன்றால் எல்லாம் குழம்பிவிடும்.

உரிமைக் கணக்குக்கு அடிப்படை காகிதம். எங்கள் அக்கவுண்ட்ஸ் மேடம் ஒருமுறை பில்லை மேசையில் வைத்துச் சொன்னார்: "தம்பி, இதுல 'சாஃப்ட்வேர் – 1 நம்பர்'னுதான் போட்டிருக்குங்க. அது ஒருத்தருக்கா, பத்துப் பேருக்கா, எத்தனை வருசத்துக்குன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" அவர் கேட்டது முழுக்க நியாயம். அன்றிலிருந்து டீலருக்குப் போகும் ஆர்டரிலேயே பொருளின் முழுப் பெயர், பதிப்பு, வெண்டரின் பார்ட் நம்பர், எண்ணும் அளவு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்றும், பில்லிலும் அவை அப்படியே வர வேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். டீலர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். வாங்கும் கணக்கு யாருடைய தனிப்பட்ட மின்னஞ்சலிலும் இருக்கக் கூடாது. பொதுவான ஒரு அஞ்சல் முகவரியில் பதிவுசெய்தால், ஆள் போனாலும் வெண்டர் தளத்தின் கதவு திறக்கும். கணினியோடு வரும் ஓஇஎம் விண்டோஸைத் தனியாகக் குறித்துவையுங்கள். அது அந்த இயந்திரத்தோடு பிறந்து அதோடு போய்விடும், பழைய கணினியை ஸ்கிராப்புக்குப் போட்டால் அந்த லைசென்ஸும் போனதாகவே கணக்கு.

நாம் வாங்குவது என்ன என்பதில் நம் நீதிமன்றங்களும் நிறைய யோசித்திருக்கின்றன. கடையில் வாங்கும் தயார் மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட பொருள்தான் என்று 2004-ல் டிசிஎஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 மார்ச்சில், பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் பெயரில் வந்த பெரிய வருமான வரி வழக்கில், வெளிநாட்டு நிறுவனத்துக்கு நாம் மென்பொருளுக்காகக் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது என்று தீர்ப்பளித்தது. நமக்குப் பதிப்புரிமையில் பங்கு எதுவும் வருவதில்லை, நிபந்தனையோடு கூடிய ஒரு பிரதிதான் வருகிறது என்பது அதன் சாரம். எங்கள் ஆடிட்டர் அதை வரிக்காகப் படித்தார். நான் அந்த 'நிபந்தனையோடு' என்ற பகுதிக்காகப் படித்தேன்.

நிறுவிய கணக்குக்குக் கருவிகள் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் வரிசையில் இதற்கென்றே தயாரிப்புகள் இருக்கின்றன. ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ போன்றவை திறந்த மென்பொருள். எதை எடுத்தாலும் முதல் முறை ஓட்டியவுடன் ஆயிரக்கணக்கான வரி வந்து விழும். ஒரே மென்பொருள் பதிப்பு எண் மாறி, மொழி மாறி, நிறுவனம் கைமாறியதால் பெயரும் மாறி வெவ்வேறு வரியாக நிற்கும். இதைச் சீராக்கத்தான் மென்பொருளோடு ஓர் அடையாளச் சீட்டும் வர வேண்டும் என்று ஐஎஸ்ஓ 19770 தரநிலை வரிசையின் இரண்டாம் பகுதி சொல்கிறது. எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை, அதனால் கையால் செய்யும் வேலை மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் சீராக்க முயலாதீர்கள். பணம் அதிகம் போகும் மென்பொருள்களை முதலில் எடுங்கள், அடுத்து மேலே சொன்ன 'இலவசங்கள்'. எழுத்துருக்களையும் விட்டுவிடாதீர்கள், கேட்டலாக் அச்சடிக்கும் மார்க்கெட்டிங் பிரிவில் அவை நிறைய இருக்கும்.

பயன்பாட்டுக் கணக்குதான் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப்பைக் கேட்டு வாங்குகிறோம், அடையாள அட்டையை வாங்குகிறோம். அவர் பெயரில் ஓடும் சந்தாக்களை யாரும் கேட்பதில்லை. எச்ஆர் கொடுக்கும் நோ-டியூஸ் படிவத்தில் லைசென்ஸுக்கு ஒரு வரி சேர்த்தால் இது அடைபடும். வேலையில் இருப்பவர்களிலும் மூன்று மாதமாக ஒரு மென்பொருளைத் திறக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுத்தால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எல்லோரும் தேவையில்லாவிட்டாலும் நாளுக்கு ஒருமுறை திறந்து மூடுவார்கள், உங்கள் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

ஆடிட் கடிதம் வந்தால் என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பதறி எதையும் அழிக்காதீர்கள். கடிதம் வந்த பிறகு அழிப்பதும், அவசரமாக வாங்கி நிரப்பிப் பழைய தேதி பேசுவதும் நிலைமையைக் கெடுக்கும். ஒப்பந்தத்தை எடுத்து ஆடிட் பிரிவைப் படியுங்கள்: எத்தனை நாள் அவகாசம், யார் வரலாம், எதைப் பார்க்கலாம், செலவு யாருடையது. நிறுவனத்திலிருந்து ஒரே ஒருவர் மட்டும் பதில் எழுதட்டும். வெண்டர் அனுப்பும் ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் அது எதைத் திரட்டுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள், அதே எண்ணிக்கையை நீங்களும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இல்லாமல் தகவல் போகக் கூடாது. விஷயம் பெரிது என்று தெரிந்தால் வக்கீலிடம் போவதில் தயக்கம் வேண்டாம். ஆடிட் வரும்போது கணக்கு எழுதத் தொடங்குகிறவர்களுக்குப் பேரம் பேச எதுவும் இருக்காது, வெண்டர் சொல்லும் எண்ணே கடைசி எண்ணாகிவிடும்.

இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட அக்கறையும் உண்டு. பெரிய வெண்டர்களின் விலை நியாயமா, அளவுகோலை இப்படி மாற்றிக்கொண்டே போவது நியாயமா என்றால், பல இடங்களில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் சென்னையிலும் கோவையிலும் தென்காசியிலும் இருந்து நம் பிள்ளைகளும் மென்பொருள் எழுதி உலகத்துக்கு விற்கிறார்கள். அவர்களுடைய சந்தாவை ஒருவர் பெயரில் வாங்கி ஆறு பேர் பாஸ்வேர்டு பகிர்ந்துகொள்ளும் நிறுவனங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. வாங்குகிற இடத்தில் கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் விற்கிற இடத்திலும் அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கும். வெண்டரின் மிரட்டலுக்கு எதிராகவும் நம்மிடம் இருக்கும் நல்ல ஆயுதம் அதே கணக்குதான்.

கடைசியாக ஒரு பழக்கம், இன்றே தொடங்கலாம். எந்த மென்பொருளை வாங்கினாலும், இலவசமாக இறக்கினாலும், அன்றைய தேதியில் வெண்டர் தளத்தில் இருக்கும் லைசென்ஸ் விதிகளை பிடிஎஃப் ஆகச் சேமித்து, கோப்பின் பெயரில் தேதியைப் போட்டு, பில்லோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ஒப்பந்தத்தில் விதிகளுக்குப் பதிலாக ஓர் இணைய முகவரி மட்டும் கொடுத்திருப்பார்கள். முகவரி அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது மாறிக்கொண்டிருக்கும். ரெனியூவலுக்கு மூன்று மாதம் முன்பு பழைய பிடிஎஃபையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, 'யூசர்' என்ன, 'ஊழியர்' என்ன, 'பயன்பாடு' என்ன என்று வரையறுக்கும் பக்கத்தை மட்டுமாவது வரிவரியாக ஒப்பிடுங்கள். அங்கே ஏதாவது மாறியிருந்தால், டீலரோடு விலை பேச உட்காருவதற்கு முன் அந்த மாற்றத்தை எழுத்தில் கேளுங்கள்.